உறையும் குளமும் வற்றும் குளமும்



குளிர்நாட்டுக் குளங்களில் எந்த அல்கா வளரும், எது ஒதுங்கிப்போகும் என்பதை வாழிடமும் நீரின் இரசாயனமும் எப்படித் தீர்மானிக்கின்றன என்பதே இக்கருத்தரங்கின் பொருள். அழைப்பிதழைப் பார்த்த நகரத்து நண்பர்கள் சிலர், "கச்சான் காற்றில் வேகிற திருகோணமலையில் பனிக்குளத்துப் பாசிக்கு ஒரு மாநாடா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் உரை முழுவதும் அதற்கான பதில்தான்.

கொஞ்சம் வரலாறு. இலங்கையின் நன்னீர் அல்காக்களைப் பற்றி 1902இல் விரிவாக எழுதியவர்கள் வில்லியம் வெஸ்ற், அவர் மகன் ஜி. எஸ். வெஸ்ற் ஆகிய இருவர். ஷக்கிள்டனின் 1907–09 அந்தாட்டிக்குப் பயணத்தில் ஜேம்ஸ் மறே என்ற உயிரியலாளர் சேகரித்த அல்காக்களை இனங்கண்டு 1911இல் வெளியிட்டவர்களும் அதே தந்தையும் மகனுமே. இலங்கைக்கு நேரில் வந்து சேகரித்த எவ். ஈ. பிரிட்ச் 1907இல் நம் நாட்டு அல்காக்களைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். 1912இல் தென்துருவச் சேகரிப்புகளைப் பற்றி எழுதினார். ஈரப் பாறையிலும் மரப்பட்டையிலும் நீலப்பச்சை அல்காக்கள் இங்கே எவ்வளவு செழிக்கின்றன என்பதை வியந்து பதிந்தவர், தென்துருவப் புட்டிகளைத் திறந்தபோதும் முன்வரிசையில் கண்டது நீலப்பச்சை அல்காக்களைத்தான். பிற்காலத்தில் அவரிடம் பணியாற்றிய சென்னை எம். ஓ. பி. ஐயங்கார், வற்றும் மழைக்குட்டையின் ஈரச்சேற்றில் வாழும் ஒரு பச்சை அல்காவுக்கு 1932இல் பிரிட்சியெல்லா என்று பெயர் வைத்தார். ஆசானுக்குக் காணிக்கையாக்க வற்றுகிற குட்டையின் உயிர் ஒன்றைத் தேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம்.

வெப்பநிலைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்றால், எங்கள் ஊர்ப் பாறையிலும் தென்துருவக் குளத்திலும் ஒரே கூட்டம் முன்னிற்கக் காரணமில்லை. குளிர் சிலரை வாசலிலேயே மறித்துவிடுகிறது, உண்மை. உள்ளே போனவர்களுக்குள் யார் கை ஓங்கும் என்பதை நீரில் கரைந்திருப்பவையும் குளத்தின் கிடையும்தான் சொல்கின்றன.

தென்துருவக் கரையோரக் குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோடையில் முழங்காலளவு நீர். அடித்தளம் முழுவதும் தடித்த பாசிப் படலம்; மேற்புறம் செம்பழுப்பு, விரல் நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே கரும்பச்சை. கோடை முடிந்ததும் மேற்பரப்பு உறையத் தொடங்குகிறது. பனிக்கட்டிப் பளிங்கின் ஒழுங்குக்குள் உப்புக்கு இடமில்லை. அது கீழே தள்ளப்படுகிறது. பனிக்கட்டி தடிக்கத் தடிக்க, அடியில் எஞ்சிய கொஞ்ச நீர் கடல்நீரையும் மிஞ்சிய உவர்நீராகிவிடும். பூச்சியத்துக்குப் பல பாகை கீழேயும் அது உறையாமல் கிடக்கும். ரைட் பள்ளத்தாக்கின் டொன் யுவான் குட்டை இதில் உச்சம். கல்சியம் குளோரைட்டு செறிந்த அந்த நீர், சுற்றிலும் எல்லாம் இறுகிக் கிடக்கும் கடுங்குளிரிலும் நீராகவே இருக்கும்.

இனி நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையில், களப்பை ஒட்டிய ஒரு பள்ளத்துக்கு வாருங்கள். மார்கழியில் வாடைமழை நிரப்பிய நீர், வாயில் விட்டால் சற்றே சப்பென்றிருக்கும். வைகாசி பிறந்ததும் கச்சான் வீசத் தொடங்கும். நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆடி மாதத்தில் போய்ப் பார்த்தால் ஓரத்துச் சேறு பாளம் பாளமாய் வெடித்து, ஒவ்வொரு பாளத்தின் மேலும் பாசிப் படலம் காய்ந்து விளிம்பில் சுருண்டிருக்கும். ஒன்றைப் புரட்டிப் பாருங்கள்: அடிப்பக்கத்தில் இன்னும் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரியும். உலை வற்ற வற்றக் கஞ்சி உப்புக் கரிப்பதைப் போலத்தான் இதுவும். பனிக்கட்டிக்கும் உப்பு வேண்டாம், நீராவிக்கும் உப்பு வேண்டாம். அங்கே உறைதல் செய்கிற வேலையை இங்கே வெயில் செய்கிறது. பனிக்குளங்களைப் பற்றிய நூற்றாண்டுக்கால எழுத்தை நாம் படிக்க வேண்டிய காரணம் இதுதான்; எங்கள் வற்றும் குட்டைகளுக்கு அவை நெருங்கிய உறவு.

உறவு என்றதும் அச்சொட்டாக ஒன்று என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. கடல்நீர் உறையும்போது ஏறத்தாழ பூச்சியத்துக்குக் கீழ் 6 பாகையிலேயே சோடியம் சல்பேற்று பிரிந்து படியத் தொடங்குகிறது. உப்பளப் பாத்தியில் அதே கடல்நீர் வற்றும்போது முதலில் கல்சியம் காபனேற்றும், பிறகு ஜிப்சமும், மூல அளவின் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற கட்டத்தில் கறியுப்பும் படிகின்றன. ஆகவே எஞ்சிய நீரின் மொத்த உப்பு சமமாக இருந்தாலும் அதன் கலவை வேறு. கடத்துதிறன் மானியில் ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு நீர்களை ஒரே நீர் என்று எழுதிவிடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். இரசாயனத் துறை நண்பர்கள் இப்போது சிரிப்பது தெரிகிறது.

அல்காவின் கலத்துக்கு இரண்டும் ஒரே தொல்லை: உள்ளிருக்கும் நீர் பறிபோகிறது. தற்காப்பும் ஒன்றுதான். வெளியே வழவழப்பான உறை, உள்ளே சுக்குரோசு, திரெகலோசு போன்ற வெல்லங்கள். மாரி தொடங்கியதும் பள்ளிக்கூட மைதானங்களில் வழுக்கும் பச்சைக் கூழாகப் பொங்குகிற நொஸ்டொக் கொம்யூன், அந்தாட்டிக்காவின் ஈர நிலத்திலும் வாழ்கிறது. துருவக் குளங்களிலிருந்து எடுத்து வளர்த்த நீலப்பச்சை அல்காக்களுக்கு வளர்ச்சி உச்சம் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸை ஒட்டியே வருகிறது. அவை குளிரை விரும்பி அங்கே குடியேறியவை அல்ல, சகித்துக்கொண்டிருப்பவை.

மறே தங்கியிருந்த ரொயிட்ஸ் முனையில், நடந்து போகக்கூடிய தூரத்துக்குள் பல ஏரிகள். போனி ஏரி அடேலி பென்குயின் குடியிருப்பை ஒட்டியது. எச்சத்தின் நைதரசனும் பொசுபரசும் இறங்கி, கோடையில் மிதவை அல்கா பெருகி நீர் கலங்கும். நீல ஏரியோ தடித்த பனிக்கட்டிக்கு அடியில் கிடப்பது. மறே குழி தோண்டி இறங்கித்தான் அடியிலிருந்த பாசிப் படலத்தை எடுக்க வேண்டியிருந்தது. ஒரே குளிர், ஒரே சூரியன், இருவேறு அல்கா உலகம். பென்குயினுக்குப் பதில் மாட்டுப் பட்டியை வைத்துப் பாருங்கள். கோடையில் நீர் ஒடுங்கிய குளத்துக்குள் பட்டி இறங்கித் தங்குகிற தம்பலகாமம், கிண்ணியாப் பக்கங்களில் இந்தப் பாடத்தைப் படிக்கக் கப்பல் ஏறத் தேவையில்லை.

கன்னியாவைச் சொல்லாமல் இந்த ஊரில் நீரைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. ஏழு கிணறுகளையும் வெப்பத்துக்காகவே எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நீலப்பச்சை அல்காக்கள் 70 பாகையைத் தாண்டிய ஊற்றுகளிலும் வாழக்கூடியவை. கன்னியாவின் ஏறத்தாழ 40 பாகை அவற்றுக்குப் பெரிய சோதனையே இல்லை. ஆடி மாத நடுப்பகலில் ஆழமற்ற ஒரு சேற்றுக் குட்டை அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். என் கண்ணுக்கு அக்கிணறுகளின் அருமை மாறாமையில் இருக்கிறது. மாரியிலும் கோடையிலும் ஊற்று ஏறக்குறைய அதே சூட்டிலேயே வருகிறது. குட்டைகள் ஆண்டுக்கொரு முறை தலைகீழாகிற மாவட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வாய்த்த நிலையான நீர் அதுதான். அங்கே கிணற்றுச் சுவரின் கல்லிடுக்குப் பாசியையும், நீர் இறைத்துக் குளிக்கும் தரையின் பாசியையும் ஒரே புட்டியில் போட்டுவிடாதீர்கள். பின்னது சவர்க்காரம் தின்று வளர்ந்தது.

இனி கந்தளாய். இந்த நகரம் குடிப்பது அந்தக் குளத்து நீரை. அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஹோற்றன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரம். தை, மாசி இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படியும். மகாவலியின் தலைநீர்களில் ஒரு பகுதி அங்கே பிறக்கிறது. மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலை அடைவது எல்லோருக்கும் தெரியும். 1976இல் பொல்கொல்லைத் திசைதிருப்பல் முடிந்தபின், அம்பன் கங்கை, எலஹர, மின்னேரியா வழியாக அதே நீரின் ஒரு பங்கு கந்தளாய்க்கும் வருகிறது. ஆக, இந்தத் தீவின் உறைபனி நீரைக் குடிக்கிற ஊர் இது. மேலே சுண்ணாம்பு குறைந்த, சற்றே அமிலமான நீர். டெஸ்மிட்டுகளுக்கு ஏற்ற இடம். கீழே வரும் வழியில் தேயிலைத் தோட்டம், மரக்கறித் தோட்டம், கண்டி நகரம், வயல்கள். கந்தளாயை அடையும்போது அது வேறு நீர்.

அந்த வேறு நீரில்தான் சிலிண்ட்ரொஸ்பேமொப்சிஸ் வருகிறது. நம் வறண்ட வலயக் குளங்கள் பலவற்றில் பதிவாகியிருக்கும் மெல்லிய இழை அது. மைக்ரோசிஸ்ரிஸைப் போல மேலே ஆடையாகத் திரண்டு எச்சரிக்காது. நீருக்குள் பரவி நிற்கும். 1979இல் அவுஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர்த் தேக்கத்து அல்காவைக் கொல்லச் செப்புச் சல்பேற்று போட்டார்கள். இழைகள் செத்து உடைந்து நஞ்சு நீரில் கலந்தது. 148 பேர் நோயுற்றார்கள், பெரும்பாலானோர் பிள்ளைகள். பாசி தெரிந்தவுடன் மருந்து போடு என்று நச்சரிக்கும் அதிகாரிகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு முறைப்பாடு. நம்மிடம் இனப்பட்டியல்கள் குவிந்துகிடக்கின்றன, நீர்க் குறிப்புகள் இல்லை. பாசி அடர்ந்த குளத்தில் விடியற்காலைப் பீஎச் ஏழரையாக இருந்து, ஒளித்தொகுப்பு காபனீரொட்சைட்டை இழுக்க இழுக்கப் பிற்பகலில் ஒன்பதைத் தாண்டலாம். அந்த மணியில்தான் கேரா போன்ற பாசிகளின் தண்டில் சுண்ணாம்பு ஓடு கட்டுகிறது. எந்த மணிக்கு அளந்தீர்கள் என்று எழுதாத பீஎச் யாருக்கும் பயன்படாது. அப்படி வரும் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பும்படி கருத்தரங்கு மலர்க் குழுவிடம் சொல்லியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கள ஆய்வுக்கான பேருந்து நாளை விடியப்புறம் ஐந்து மணிக்குக் கந்தளாய்க்குப் புறப்படும். சூரியன் ஏறுமுன் ஒரு மாதிரி, பிற்பகல் மூன்று மணிக்கு அதே இடத்தில் இன்னொன்று. அயடீன் கரைசல் சேர்த்த புட்டியையும் சேர்க்காத புட்டியையும் கலக்காமல் அடையாளமிடுங்கள். முதல் அமர்வின் முதற்கட்டுரை ஹோற்றன் சமவெளிக் குட்டைகளைப் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.