அம்மாவின் அடுப்பு

(பொங்கல் விழாவில் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரை)



சற்றுமுன் கோயில் வாசலில் விறகு மூட்டிப் பொங்கல் வைத்தோம். பானை பொங்குவதற்குள் எத்தனை பேர் கண்ணைக் கசக்கினோம்! அரை மணி நேரப் புகைதான் அது. ஊரில் நாள்தோறும் அந்தப் புகையில் உட்கார்ந்து உலை வைக்கும் தாய்மார்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இந்தச் சிங்கப்பூரிலும் கம்பத்து வீடுகளில் விறகும் கரியும் மண்ணெண்ணெயும் எரிந்த காலம் உண்டு. காலாங் எரிவாயு ஆலை 1862லேயே வந்துவிட்டது. 1998 வரை இயங்கியது. ஆனால் அது முதலில் எரித்தது தெருவிளக்கை. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்து, நாம் அடுக்குமாடிக்குக் குடிபோன பிறகுதான் விறகடுப்பு மறைந்தது. பத்தாவது மாடியில் விறகை எங்கே அடுக்குவது? நம் மனத்தை யாரும் மாற்றவில்லை. வீடு மாறியது, அடுப்பும் மாறியது.

ஊரில் வீடு மாறவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் அரசு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்துப் பல்லியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில், இந்தியா முழுவதும் 10 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள் பெண்கள் பெயரில் கிடைத்திருக்கின்றன. பெரிய காரியம்தான். ஆனால் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போய்ப் பாருங்கள். சிலிண்டர் உள்ளே இருக்கும். கொல்லையில் சீமைக்கருவேல விறகு எரியும். விருந்தாளிக்குக் காப்பி போட எரிவாயு, சோறு வடிக்க விறகு.

கேட்டால், விறகுச் சமையல் ருசி என்பார்கள். மண்சட்டிக் காரக்குழம்பை விறகடுப்பில் வைத்துச் சாப்பிட்டவன் நான், மறுக்கமாட்டேன். ஆனால் மெய்யான காரணம் ருசியன்று. 14.2 கிலோ சிலிண்டருக்குக் காசு வேண்டும். வேலியோரத்து முள்ளுக்கு வேண்டாம். அதை வெட்டிச் சுமக்கும் உழைப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. 'பிள்ளை கடல் கடந்து அனுப்பும் பணத்தை எரித்துத் தீர்ப்பதா' என்று அம்மா நினைக்கிறார்.

விறகுப் புகையின் நுண்துகள் நுரையீரலையும் இதயத்தையும் கெடுக்கிறது. வீட்டுக்குள் இப்படிச் சேரும் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

ஹோமப் புகை நல்லது என்கிறோமே என்று பெரியவர் ஒருவர் கேட்டார். யாகசாலையில் புகை வெளியேற வழி விட்டு, என்றோ ஒரு நாள் வளர்க்கும் அக்கினி அது. தாழ்ந்த கூரைக்குக் கீழே அன்றாடம் எரிவதோடு அதை ஒப்பிடலாகாது.

தம்பிகளே, ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் பேசும்போது, "சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்பதோடு, "சிலிண்டர் எப்பம்மா மாத்தினீங்க?" என்றும் கேளுங்கள். ஆறு மாதம் ஆயிற்று என்றால் விறகுதான் எரிகிறது. அடுத்த முறை வீட்டுச் செலவோடு கலக்காமல், "இது சிலிண்டருக்கு" என்று தனியாகச் சொல்லி அனுப்புங்கள்; அப்பா காதிலும் போட்டு வையுங்கள். பொங்கல் பானைக்கு மட்டும் வாசலில் விறகு மூட்டிக்கொள்ளட்டும்.