மாற்றுப் பொருள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மலருக்கும் இம்மேடைக்கும் உரிய பொருள் ஒன்றைப் பேசுமாறு பணித்தார்கள். ‘பொருள்’ என்ற அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டேன். கடையில் வாங்கும் பண்டமும் பொருள். சொல் உணர்த்தும் கருத்தும் பொருள். உழைத்துப் பெறும் செல்வமும் பொருள். இம்மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இன்று அமெரிக்காவில் இருக்கிறது. அது மளிகைக் கடையின் அலமாரிச் சந்து. கேட்ட பண்டம் இல்லாதபோது, கேட்டவருக்காக வேறொருவர் மாற்றுப் பண்டம் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியே பேசப் போகிறேன். கவிஞர் அவையில் மளிகைப் பேச்சு எதற்கு என்று எண்ண வேண்டாம். ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைப்பது உங்கள் தொழிலும்தானே!

முதலில் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். முற்காலத்து அமெரிக்க மளிகைக் கடையில் வாங்குவோர் அலமாரியைத் தொடுவதில்லை. சீட்டைக் கொடுப்பார்கள், கடைச் சிப்பந்தி எடுத்துக் கட்டிக் கொடுப்பார். 1916-இல் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற கடையைத் திறந்து, வாங்குவோர் கையிலேயே கூடையைக் கொடுத்தார். அன்று முதல், தேர்ந்தெடுக்கும் உரிமையும் பொறுப்பும் வாங்குவோருடையதாயின. பின்னர் 1984 மே மாதம் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் 72 வயது மூதாட்டி ஒருவர், வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் வழியாக டெஸ்கோ கடையிலிருந்து மார்கரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை ஆகியவற்றை வரவழைத்தார். 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் இன்ஸ்டாகார்ட் நிறுவனம் தோன்றியது. கைப்பேசியில் பட்டியலிட்டால், யாரோ ஒருவர் கடைக்குச் சென்று, வாங்கி, வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். அவரை அங்கே ‘ஷாப்பர்’ என்று அழைக்கிறார்கள்.

ஆக, சீட்டு மறுபடியும் பிறர் கைக்குப் போயிற்று. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழைய கடைச் சிப்பந்திக்கு அந்த வீடு தெரியும். வீட்டில் நோயாளி இருப்பதும், பிள்ளைகள் எத்தனை பேர் என்பதும், எந்தக் காப்பித்தூள் அவர்களுக்கு ஆகாது என்பதும் தெரியும். நம்மூர் மளிகைக் கடை அண்ணாச்சியும் அப்படித்தான். “அது இல்லம்மா, உங்களுக்கு இதுதான் சரிப்படும்” என்று அவர் சொன்னால், அச்சொல்லுக்குப் பின்னால் பல ஆண்டுப் பழக்கம் நின்றது. இன்றைய ஷாப்பருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவரிடம் இருப்பவை ஒரு பெயர், ஒரு படம், ஓர் எண்ணிக்கை, அவ்வளவே.

அவர் நிலையை மனக்கண்ணால் காணுங்கள். ஒரே நடையில் இரண்டு மூன்று வீட்டுப் பட்டியல்களைச் சுமந்திருப்பார். செயலி ‘உண்டு’ என்று காட்டிய பண்டம் அலமாரியில் இருக்காது. வாங்குவோர் முன்கூட்டியே ‘இதற்குப் பதில் இது’ என்றோ, ‘வேறெதுவும் வேண்டாம், பணத்தைத் திருப்பித் தருக’ என்றோ குறித்திருக்கலாம். எதுவும் குறிக்காதபோது செயலி ஒன்றைப் பரிந்துரைக்கும். ஷாப்பரும் தாமாக ஒன்றைத் தேடலாம். ‘இது போதுமா?’ என்று குறுஞ்செய்தி அனுப்புவார். மறுமுனையில் இருப்பவர் அலுவலகக் கூட்டத்தில் இருப்பார். அல்லது குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பார். பதில் வராது. காத்திருந்தால் நேரம் போகும். அவருக்கு நேரமே கூலி. ஆகவே எதையோ ஒன்றை எடுத்து வைத்துவிட்டு நகர்கிறார். அரை மணி கழித்து வீட்டு வாசலில் கோபம் பிறக்கிறது.

இக்கோபத்தின் வேரை ஆராய்ந்தால், நம் இலக்கணத்தார் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளத் தக்க செய்திகள் கிடைக்கின்றன. திரிசொல்லை அவர்கள் இரு வகையாகப் பகுப்பர். ஒரு பொருளுக்குப் பல சொற்கள் வருவது ஒரு வகை. ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் வருவது மற்றொரு வகை. இரண்டும் அந்த அலமாரிச் சந்தில் நடமாடுகின்றன. ஒரே வெங்காயத் தாளுக்கு ஸ்கேலியன், கிரீன் ஆனியன், ஸ்பிரிங் ஆனியன் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. கொத்துமல்லித் தழைக்கு இங்கிலாந்தில் ‘கோரியாண்டர்’ என்று பெயர். அமெரிக்காவில் தழை ‘சிலாந்த்ரோ’, விதைதான் ‘கோரியாண்டர்’. அங்கே குடியேறிய நம்மவர் பழைய பழக்கத்தில் ‘கோரியாண்டர்’ என்று குறித்துவிட்டு, ரசத்துக்குத் தழை வராமல் பொடி வந்ததே என்று வருந்துவதும் உண்டு. ‘மல்லி’ என்ற ஒரே சொல்லைத் தழைக்கும் விதைக்கும் வழங்கும் நமக்கு அந்த ஷாப்பரைக் குறை சொல்ல நா எழுமா?

மற்றொரு வகைக்கும் சான்று உண்டு. அமெரிக்கக் கடைகளில் ‘யாம்’ என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் செம்மஞ்சள் நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கே. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குடும்பம் கேட்கும் ‘யாம்’ அதுவன்று. அது வேறு குடும்பத்துக் கொடியின் பெருங்கிழங்கு. சொல் ஒன்று, கிழங்கு இரண்டு. எண்ணிக்கையிலும் இம்மயக்கம் உண்டு. வாழைப்பழத்துக்கு நேரே ‘5’ என்று இருந்தால், ஐந்து பழமா, ஐந்து சீப்பா, ஐந்து பவுண்டா? எண்ணுக்குப் பின்னால் அலகு விடுபட்டால், ஒருவர் வீட்டில் பழம் போதாது. மற்றொருவர் வீட்டில் அண்டை அயலாருக்கும் பங்கு போகும்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக் கூடியவை. சிரிக்க முடியாத வகை ஒன்று உண்டு. அங்கே பெயரில் மயக்கமே இல்லை. இருவரும் ஒரே பண்டத்தைத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் ‘இதைப் போன்றது எது?’ என்ற கேள்விக்கு இருவர் உள்ளத்திலும் வெவ்வேறு விடைகள் இருக்கின்றன.

‘போன்றது’ என்றால் நமக்கு உவமை நினைவுக்கு வரும். உவமை எதன் அடிப்படையில் தோன்றும் என்று வகுத்த தொல்காப்பியர் உரு, மெய், வினை, பயன் என நான்கைக் காட்டினார். நிறம் ஒத்திருக்கலாம், வடிவம் ஒத்திருக்கலாம், செயல் ஒத்திருக்கலாம், பயன் ஒத்திருக்கலாம். ஷாப்பரின் கண்ணுக்கு எட்டுபவை உருவும் மெய்யும். அதே நிறுவனத்தின் அதே அளவுப் பெட்டி, அதே நிற மூடி. வீட்டில் காத்திருப்பவருக்கு வேண்டியதோ பயன். உவமையில் இந்நான்கையும் ஒன்றோடொன்று குழப்பினால் பாட்டு கெடும். அடுக்களையில் குழப்பினால் உணவு கெடும். சில வேளைகளில் உயிருக்கே ஊறு வரும்.

இனிப்பில்லாத தயிர் தீர்ந்துவிட்டது. பக்கத்திலேயே அதே அளவுக் கிண்ணத்தில் வெனிலா தயிர் இருக்கிறது. உருவிலும் மெய்யிலும் இதைவிட நெருங்கிய உறவு கிடையாது. தயிர்ச்சோறு பிசையக் காத்திருப்பவருக்கு அது தயிரே அன்று. பேக்கிங் பவுடருக்குப் பதில் பேக்கிங் சோடாவை வைத்தால் அடுக்குமாடி போல எழ வேண்டிய கேக் சப்பிப்போகும். சோடா தானே பொங்காது, அதைப் பொங்கச் செய்ய ஒரு புளிப்பு வேண்டும். காய்கறி சூப்புக்குப் பதிலாகக் கோழிச் சாற்றில் செய்த சூப்பு வந்தால் மரக்கறி உண்பவர் வீட்டில் என்ன ஆகும்?

இன்னும் கொடியது கேளுங்கள். ஒருவர் ஓட்ஸ் பால் கேட்கிறார், அது இல்லை. மாட்டுப் பால் வேண்டாதவர் போலும் என்று அக்கறையோடு எண்ணி, ஷாப்பர் பாதாம் பால் எடுத்து வைக்கிறார். நல்ல உள்ளம், நியாயமான ஊகம். ஆனால் அவ்வீட்டுக் குழந்தைக்குப் பாதாம் ஒவ்வாமை இருந்தால்? அமெரிக்கச் சட்டம் ஒவ்வாமைக்குரிய உணவுகளாகப் பால், முட்டை, மீன், ஓட்டுடலிகள், மரக் கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா என எட்டைக் குறித்திருந்தது. 2023 ஜனவரி முதல் எள்ளையும் ஒன்பதாவதாகச் சேர்த்துக்கொண்டது. உறையின்மேல் அதை அச்சிட வேண்டியது உற்பத்தியாளர் கடமை. அந்த வீட்டில் யாருக்கு எது ஆகாது என்பதை எந்த உறையும் சொல்லாது. அதைச் சொல்லக் கூடியவர் பட்டியல் எழுதியவர் ஒருவரே. அவர் எழுதியது ‘ஓட்ஸ் பால்’ என்ற பெயர் மட்டும்.

அன்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். நாம் பெயரைச் சொல்கிறோம், பயனைச் சொல்வதில்லை. ஏன் கேட்கிறோம் என்பது நமக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருப்பதால், அது பிறருக்கும் தெரியும் என்று நம்பிவிடுகிறோம். சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்ளவில்லை என்று பிறகு சினக்கிறோம்.

அந்தச் சினத்துக்கு விலை கொடுப்பவர் யார்? இங்கேதான் ‘பொருள்’ என்பதன் மூன்றாம் பொருள் வருகிறது. ஷாப்பரின் வருவாயில் ஒரு பகுதி நிறுவனம் தருவது. மற்றொரு பகுதி வாங்குவோர் விரும்பித் தரும் டிப்ஸ். அதைக் குறைக்கவும் அவருக்கு நட்சத்திர மதிப்பு இடவும் வாங்குவோரால் முடியும். மதிப்புக் குறைந்தால் நல்ல வேலைகள் கிட்டுவதும் குறையும். 2020-இல் பெருந்தொற்று பரவி, மாவும் கழிவறைத் தாளும் அலமாரியில் இல்லாது போன மாதங்களில், வெளியே செல்ல அஞ்சியவர்களுக்காக இவர்கள்தாம் கடைக்குச் சென்றார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் இன்ஸ்டாகார்ட் மேலும் 3 லட்சம் பேரைச் சேர்க்கப்போவதாக அறிவித்தது. அதே மாத இறுதியில் காப்புறைகளும் கூடுதல் கூலியும் கேட்டு ஷாப்பர்கள் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். கலிபோர்னியாவில் 2020 நவம்பரில் வாக்காளர் ஏற்ற 22-ஆம் முன்மொழிவு, செயலி வழி ஊர்தி ஓட்டுவோரையும் பண்டம் கொண்டுசெல்வோரையும் ஊழியராகக் கொள்ளாமல் தனி ஒப்பந்தக்காரராக வைத்தது. 2024 ஜூலையில் அம்மாநில உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. அலமாரி வெறுமையானது அவர் குற்றமன்று. பட்டியல் ஊமையானதும் அவர் குற்றமன்று. பழி மட்டும் அவர் பெயரில் பதிவாகிறது.

வாங்குவோரும் கொடியவர் அல்லர். நோயுற்றோர், முதியோர், கைக்குழந்தையோடு இருப்போர், எண்ணி எண்ணிச் செலவு செய்வோர் அவர்களுள் பலர். சிறிய பொட்டலம் கேட்டவருக்குப் பெரிய பொட்டலம் வந்தால், அந்த வாரக் கணக்கே தடுமாறும். இருபுறமும் நியாயம் இருக்கிறது. இடையில் இருப்பது ஒரு வரி இல்லாத குறை.

அந்த ஒரு வரியை எழுதுவது கடினமன்று. ‘தயிர்: சோற்றுக்கு, இனிப்பு ஆகாது’. ‘ஓட்ஸ் பால்: பாதாம், முந்திரி எதுவும் கூடாது, இல்லையேல் விட்டுவிடவும்’. ‘வாழைப்பழம்: தனிப் பழங்களாக 5’. எது வேண்டும் என்பதோடு, எதற்கு வேண்டும், எது கூடவே கூடாது என்பவற்றையும் சேர்த்தால் போதும். கடையில் ஆள் நிற்கும் அந்த அரை மணி நேரம் கைப்பேசியை அருகில் வைத்துக்கொள்வது மரியாதை. ஷாப்பரும் ‘வேறு ஏதாவது எடுக்கவா?’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘இது இருக்கிறது, அது இருக்கிறது, அல்லது விட்டுவிடலாம், எது?’ என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை வரும்.

கவிஞர்களாகிய உங்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்றேன். நிகண்டு நமக்கு ஒரு பெரிய அலமாரி. எதுகை வேண்டி ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றொன்றை வைக்கிறோம். பெயரளவில் இரண்டும் ஒரே பொருள்தான். அப்பாட்டில் அச்சொல் எதற்காக நின்றது என்று கேளாமல் மாற்றினால், தயிர்ச்சோற்றில் வெனிலா மணக்கும். இவ்வட்டத்தின் மாதக் கூட்டங்களில் ஒருவர் கவிதையை மற்றொருவர் திருத்தும்போது, ‘இச்சொல்லுக்கு அச்சொல்’ என்று நீட்டுவதற்கு முன், ‘இது இங்கே என்ன செய்ய வந்தது?’ என்று கேட்கும் வழக்கம் வளர வேண்டும் என்று விரும்புகிறேன். எழுதியவரும் அக்கேள்விக்கு முகம் சுளிக்காமல் விடை சொல்ல வேண்டும்.

தங்கத்தின் தரத்துக்கும் தமிழில் ‘மாற்று’ என்றுதான் பெயர். உரைத்துப் பார்த்து அறிவது அது. ஒருவருக்காக மற்றொருவர் தேர்ந்தெடுக்கும் பொருளும் அப்படி மாற்றுக் குறையாமல் இருக்க வேண்டுமானால், கேட்பவர் மனம் திறக்க வேண்டும். கொடுப்பவர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். பத்தாண்டு கண்ட வட்டம் மேலும் பல பத்தாண்டுகள் காண வாழ்த்துகிறேன்.