நடந்து போறவங்களையும் கணக்குல எடுக்கணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், நகரமைப்புத் துறையில் பணிபுரியும் காரைக்கால் பெண் ஒருவர் ஆற்றிய உரை)



"என்னம்மா வேலை பார்க்குறே?"ன்னு நம்ம ஊர்ல கேட்டா, "டவுன் பிளானிங்"னு சொல்வேன். "அப்ப வீட்டுக்கு அப்ரூவல் வாங்கித் தருவியா?"ன்னு அடுத்த கேள்வி வரும். அதுவும் இந்தத் துறையில் ஒரு பகுதிதான். ஆனா என் வேலை வேற. ரோடு எவ்வளவு அகலம், நடைபாதை எங்கே, பஸ் எங்கே நிக்கணும், விளக்கு எங்கே வேணும் என்பதையெல்லாம், அந்த இடத்தில் குடியிருக்கும் ஜனங்களோடு உட்கார்ந்து பேசித் திட்டமாகப் போடுவது.

நான் உங்களை மாதிரி ஒரு குழு உறுப்பினரின் மகள். அம்மா குழுவில் வாங்கிய உள்கடனில்தான் என் முதல் வருஷக் காலேஜ் பீஸ் கட்டினோம். சிவில் இன்ஜினியரிங் முடித்து, பிறகு நகரமைப்பில் மேற்படிப்பு படித்தேன். சென்னையில் ஒரு கம்பெனியில் முதல் வேலை. காலை ஆறு மணியில் இருந்து ரோட்டோரம் நின்று வண்டிகளை எண்ணணும். கையில் கொடுத்த படிவத்தில் கார், லாரி, பஸ், ஆட்டோ, டூவீலர், சைக்கிள் எல்லாத்துக்கும் கட்டம் இருந்தது. நடந்து போறவங்களுக்குக் கட்டம் இல்லை. கூடை தூக்கிட்டுப் போற அம்மா, பிள்ளையைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஓடுற பொண்ணு, இவங்க யாருமே அந்தக் காகிதத்தில் வரலை.

காகிதத்தில் வராதவங்களுக்கு ரோட்டிலும் இடம் வராது. என் தொழிலில் நான் படிச்ச முதல் பாடம் இதுதான்.

இன்னொரு கணக்கும் சொல்றேன். ஒவ்வொரு வண்டியும் எத்தனை கார் இடத்தை அடைக்குதுன்னு கணக்குப் போட்டுத்தான் ரோட்டின் அகலத்தை முடிவு செய்வாங்க. அதில் ஒரு பஸ் ரெண்டு மூணு காருக்குச் சமம். ஆக, பஸ்னா ரோட்டுக்குப் பாரம். அந்த பஸ்ஸுக்குள்ளே ஐம்பது பேர் இருக்காங்க, காருக்குள்ளே ஒருத்தர்தான் இருக்கார் என்பது அந்தக் கணக்கில் வராது.

இந்தப் பார்வை மாறணும்னு அரசாங்கமே சொல்லியிருக்கு. 2006-ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, ரோடு என்பது வண்டி போறதுக்கு அல்ல, மனுஷங்க போறதுக்கு என்கிறது. 2014-ல் சென்னை மாநகராட்சி, போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிடணும்னு கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தாங்க. நடைபாதை எவ்வளவு அகலம் இருக்கணும் என்பதற்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு இருக்கு: எந்தத் தடங்கலும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறு அடி. நம்ம தெருவில் சாக்கடை மேல போட்ட சிலாப்தானே நடைபாதை! அதிலும் பாதி இடத்தில் வண்டி நிக்கும். நம்ம காரைக்கால் அம்மையார் கயிலைக்குத் தலையாலேயே நடந்து போனாங்க. நமக்குக் காலால் நடக்கவே இடம் இல்லை.

பெண்களின் பயணம் ஏன் கணக்கில் வர்றதில்லை? ஆம்பளைங்க பெரும்பாலும் காலையில் வேலைக்குப் போவாங்க, சாயங்காலம் திரும்புவாங்க. ஒரு போக்கு, ஒரு வரத்து. நாம அப்படியா போறோம்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, ரேஷன் கடைக்குப் போய், மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி, பேங்குல குழுப் பணம் கட்டி, மீன் வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வர்றோம். ஒரு போக்குக்குள்ளே ஐந்து போக்கு. பெரும்பாலும் நடந்தோ, ஷேர் ஆட்டோவிலோ, பஸ்ஸிலோதான். அலுவலக நேரத்தை மட்டும் பார்த்து பஸ் விட்டா, பதினோரு மணிக்கு நாம நிறுத்தத்தில் வெயில்ல நிக்க வேண்டியதுதான்.

வழி கிடைச்சா பெண்கள் என்ன செய்வாங்க என்பதற்குப் புதுக்கோட்டையே சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக் கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். பொதுவெளியில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதப்ப ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினாங்க. முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வெச்சுக்கலாமேன்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. கல் குவாரியில் வேலை செய்தவங்க, கிராமச் செவிலியர்கள்னு பலரும் கத்துக்கிட்டாங்க. நம்ம காரைக்கால் மேடு பள்ளம் இல்லாத டெல்டா பூமி. சைக்கிளுக்கு இதைவிடத் தோதான ஊர் ஏது?

பக்கத்தில் கேரளாவைப் பாருங்க. 2021-ல் திருவனந்தபுரத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகமும் மீன்வளத் துறையும் சேர்ந்து, மீன் விற்கும் பெண்களுக்காகவே 'சமுத்ரா' என்ற பெயரில் இலவச பஸ் விட்டாங்க. கூடையோடு ஏறலாம். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரியில் இருந்து வந்திருக்கும் அக்காமாருக்கு இதன் அருமை தெரியும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாநிலத் திட்டக் குழு, பக்கத்து நாகப்பட்டினம் உள்ளிட்ட மாவட்டங்களில் ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு கண்டது. நம்ம மாதச் சந்தாவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்க. பஸ் டிக்கெட்டும் சேமிப்புக் கணக்குதான்.

சரி, இதையெல்லாம் நாம யாரிடம் கேட்கிறது? இங்கேதான் நமக்கு ஒரு சங்கடம். புதுச்சேரி மாநிலத்தில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவங்க பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு வார்டு உறுப்பினர் இல்லாமலேயே வருஷங்கள் ஓடிப்போச்சு. தெரு விளக்குக்குக் கூட நேரா அதிகாரியைத்தான் பார்க்கணும். வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில், வாராவாரம் கூடி, வருகைப் பதிவு போட்டு, தீர்மானம் எழுதும் அமைப்பு எது? நம்ம குழுக்கள்தான். ரொக்கத்தைச் சரியாக எண்ணுறவங்களுக்கு ரோட்டில் போகிற ஆட்களை எண்ணத் தெரியாதா?

அதனால மூணு வேலை சொல்றேன்.

ஒன்று, வரைபடம். அடுத்த கூட்டத்தில் தரையில் கோலமாவால் உங்க தெருவைப் போடுங்க. வீடு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் குறிங்க. விளக்கு இல்லாத இடம், மழையில் தண்ணி நிக்கிற இடம், பயந்து பயந்து கடக்கிற இடத்துக்குச் செங்காவிப் பொட்டு வைங்க. பிறகு அதைச் சார்ட் தாளில் ஏத்துங்க.

இரண்டு, எண்ணிக்கை. ரெண்டு பேர் உட்கார்ந்து, காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் நடந்து போறவங்களை எண்ணுங்க. பெண்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, வயசானவங்க எத்தனை, சுமையோடு போறவங்க எத்தனைன்னு கோடு போடுங்க. "ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்"னு சொன்னா மனு ஒரு பக்கம் போயிடும். தேதியும் நேரமும் எண்ணிக்கையும் போட்டுக் கொடுத்தா, பதில் எழுதியே ஆகணும்.

மூன்று, தீர்மானம். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்பு வழியாக நகராட்சிக்கோ கொம்யூன் பஞ்சாயத்துக்கோ கொடுங்க. நகல் மாவட்ட ஆட்சியருக்கும் காரைக்கால் திட்டக் குழுமத்துக்கும் போகட்டும். உங்க ரோட்டுக்கு என்ன திட்டம்னு தெரியணும்னா, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் கேளுங்க. 30 நாளில் பதில் வரணும். தெருவில் கடை போடுற உறுப்பினர்களுக்கு இன்னொன்று: 2014-ம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு.

இது தார் போடுறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டிய வேலை. விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலை நம்ம பகுதி வழியாத்தான் போகுது. அப்படி ஒரு ரோட்டில் சுரங்கப்பாதை அரை கிலோமீட்டர் தள்ளிப் போனா, பிள்ளைங்க சுத்திப் போகாது, குறுக்கேதான் ஓடும். இடத்தை முடிவு செய்யும்போது நம்ம குரல் இருந்தா உயிர் தப்பும். கட்டி முடிச்ச பிறகு போராடினா, ஒரு வேகத்தடைதான் கிடைக்கும்.

கடைசியா, படிக்கிற பெண் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறைக்கு இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர் மட்டும் அல்ல, புவியியல், பொருளாதாரம், சமூகவியல் படிச்சவங்களும் வரலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கு முதுகலைப் படிப்பு இருக்கு. ஊரைச் சுத்தணும், வெயிலில் நிக்கணும், அதிகாரிகளோடு வாதாடணும். ஆனா ஒரு இருட்டுத் தெருவில் விளக்கு எரியறப்ப கிடைக்கிற நிறைவு வேற எதிலும் கிடையாது. எங்க அம்மா மாதிரி நீங்களும் தைரியமா அனுப்பி வைங்க. ரோடு எப்படி இருக்கணும்னு முடிவு செய்யும் மேஜையில், அந்த ரோட்டில் நடந்து வளர்ந்த பொண்ணு உட்கார்ந்திருக்கணும்.

உங்க குழுக்களின் கணக்குத் தாள்களையும் வரைபடங்களையும் சரிபார்த்துத் தர நான் தயாரா இருக்கேன். கூட்டமைப்பு மேலும் வளர என் வாழ்த்துகள்.