தீவு விடுதியும் நூறு ரூபாயும்

(சிதம்பரத்தில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

வகுப்பறை வாசிப்பு பற்றிப் பேச அழைத்தார்கள். நான் ஒரு கொலைக் கதையோடு வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அகதா கிறிஸ்டியின் ‘ஈவில் அண்டர் தி சன்’ 1941-இல் வந்த நாவல். இங்கிலாந்தில் டெவன் கடற்கரையை ஒட்டி பர் தீவு இருக்கிறது. கடல்நீர் வற்றினால் மணலில் நடந்தே போகலாம். ஏறிவிட்டால் அது தனித்தீவு. 1929-இல் அங்கே கட்டிய விடுதி இன்றும் இருக்கிறது. அதை மனத்தில் வைத்துத்தான் கதையின் தீவு. விடுமுறைக்கு வந்த ஆர்லினா என்ற நடிகை அங்கே கொல்லப்படுகிறார். வெளியாள் எளிதில் வர முடியாத இடம். எனவே, கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்மேலேயே சந்தேகம். அவர்களோடு துப்பறிவாளர் புவாரோவும் தங்கியிருக்கிறார்.

ஒன்பதாம் வகுப்பில் ஐந்து நாள், கடைசிப் பாடவேளையில் இதைத் தமிழில் சொன்னேன். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீர் ஏறுவதும் வற்றுவதும் விளக்க வேண்டியதே இல்லை. “தில்லை மரத்துப் பாலைக் கண்ணுல தெளிச்சுட்டா சாட்சியே இருக்காது டீச்சர்” என்றான் ஒருவன். எழுதியவருக்கே தோன்றாதது!

கரும்பலகையில் அட்டவணை போட்டோம். யார், எங்கே, எத்தனை மணிக்கு, பார்த்தது யார். கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாக நின்றது. “எல்லாரும் சொல்றாங்க” என்பதை அதில் எழுதக்கூடாது என்பது எங்கள் விதி.

ஆர்லினா குடும்பங்களைக் கெடுப்பவள் என்று விடுதியில் எல்லாரும் முடிவு கட்டியிருக்கிறார்கள். புவாரோவோ அவளை ஆண்களிடம் எளிதில் ஏமாறுகிறவளாகப் பார்க்கிறார். வழக்கு அங்கேதான் திறக்கிறது. கொலையாளி யாரென்று சொல்ல மாட்டேன், நீங்களே படியுங்கள்.

ஒரு மாணவி கேட்டாள்: “அவங்களப் பத்திப் பேசினது தப்புன்னு தெரிஞ்சப்புறம் யாராவது மன்னிப்பு கேட்டாங்களா?” “செத்துட்டாங்களேம்மா” என்றேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில், ஒரு மாணவியின் சுற்றுலாப் பணம் நூறு ரூபாய் காணாமல் போனது. நான் வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். வகுப்பே திரும்பியது. அவன் பையைக் கொட்டச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, அந்தப் பெண்ணின் அறிவியல் புத்தக அட்டைக்குள்ளேயே பணம் கிடைத்தது. கிடைத்துவிட்டதென்று வகுப்பில் சொன்னேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியனைப் பற்றி, வழக்குரை காதையை அதே வாரம் நடத்தியவள் நான்.

விசாரித்ததில், கடலூர் முதுநகரில் வலை பழுது பார்க்கிறான் என்று தெரிந்தது. போன மாதம் போய்ப் பார்த்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கை வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, “நூறு இல்ல டீச்சர், அம்பது” என்றான். டீ வாங்கிக் கொடுத்தான்.

அட்டவணையின் படிகள் மேசைமேல் இருக்கின்றன. வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.