செம்மறிக்கு எந்த மெஷின்?

ஜார்ஜ் டவுன் முடிதிருத்தும் கடை மெஷினைச் செம்மறி ஆட்டில் ஓட்டினால் என்ன ஆகும்? நாலு இழுப்பில் சிக்கி நின்றுவிடும்.

செம்மறி உரோமத்தில் ஒரு பிசுக்கு உண்டு. முகக் கிரீமில் சேர்க்கிறார்களே லனோலின், அதுதான். நெருக்கமான பல்லில் அப்பிக்கொள்ளும். அகலப் பல் வேண்டும். செம்மறி மெஷினில் வழக்கமாக 13 பல். சிக்கு விழுந்த தலையைப் பேன்சீப்பாலா வாருவோம்? பெரிய பல் சீப்பைத்தானே தேடுவோம்!

நம் மலேசியாவில் எல்லாச் செம்மறிக்கும் இந்த மெஷின் செலவு தேவையில்லை. பார்படோஸ் பிளாக்பெல்லி இனத்துக்கு இருப்பது வெறும் முடிதான். உள்நாட்டு இனமான மாலின் ஆட்டுக்கோ முரட்டு உரோமம். மழைக்காலத்தில் வால் பக்கம் புழுக்கை ஒட்டிக் காயும். ஈ முட்டையிடும். புழு வைத்துவிடும், பாவம். அந்த இடத்தை மட்டும் வழிக்க பேட்டரி மெஷின் போதும். ஒயர் காலில் சிக்காது. பல ஆடுகளை உடம்பு முழுக்க வெட்டுவதென்றால் ஒயர் மெஷின்தான் தாங்கும்.

இன்னொன்று, சூடு. நடுவில் மெஷினை நிறுத்தி, பிளேடைப் புறங்கையில் வையுங்கள். உங்களுக்குச் சுட்டால் ஆட்டுக்கும் சுடும். ஆறவிட்டு, மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும்.