இன்னும் ஒரு சென்டிமீட்டர்

கால் எலும்பை நீட்டி உயரமாகலாம் என்று கேள்விப்பட்டவர் முதலில் கேட்பது, ‘எவ்வளவு கூடும்?’ என்பதைத்தான்.

இந்த வித்தையைக் கண்டவர் இலிசாரோவ், சைபீரியாவின் குர்கான் நகரத்து மருத்துவர். எலும்பை வெட்டி, இரு முனைகளையும் மெல்ல விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு வளர்வதை 1950களில் கண்டார். வேகம் நாளுக்கு 1 மில்லிமீட்டர். அதையும் நான்கு தடவையாகப் பிரித்து நகர்த்துவார்கள். 5 சென்டிமீட்டருக்கு 50 நாள் ஆகும். புது எலும்பு இறுகிக் கெட்டியாக மேலும் பல மாதம். அவர் இதை அழகுக்காகச் செய்யவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கிய ஒலிம்பிக் உயரம் தாண்டும் வீரர் வலேரி புருமெல் அவரிடம்தான் சிகிச்சை பெற்றார்.

எலும்பு சொன்னபடி கேட்கும். தசையும் நரம்பும் கேட்காது. இழுபட்ட கெண்டைக்கால் தசை குதிகாலைத் தரையில் ஊன்ற விடாது. அதனால் பல மருத்துவர்கள் தொடை எலும்பில் சுமார் 8 சென்டிமீட்டர், முழங்காலுக்குக் கீழே 5 அல்லது 6 என்று நிறுத்திக்கொள்கிறார்கள். ‘வந்ததுதான் வந்தோம், இன்னும் ஒன்று’ என்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அழகுக்காக மட்டும் இதைச் செய்வதைச் சீன அரசு 2006இல் தடை செய்துவிட்டது.