வார்சோவை மீட்ட தந்தை



போலந்து நாட்டுக் கட்டிடக் கலைஞர் யான் சாக்வட்டோவிச் 1900இல் பிறந்து 1983இல் மறைந்தார். புதிய மாளிகைகளால் புகழ் தேடியவரல்லர். முன்னோர் கட்டியவற்றைக் காத்தவர். இரு பெண்மக்களின் தந்தை. 1944இல் வார்சோ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர் மகள் கிறிஸ்டினா 14 வயதுச் சிறுமியாய் அக்கிளர்ச்சியில் நின்றாள். அத்தகைய வீடு அது!

கிளர்ச்சி அடங்கியபின் ஜேர்மன் படை தெருத்தெருவாகத் தீயிட்டது; வெடிவைத்துத் தகர்த்தது. பழைய நகரில் நூற்றுக்கு 85 பங்கிற்கு மேல் அழிந்தது. சாக்வட்டோவிச்சும் தோழர்களும் பழைய கட்டிடங்களின் அளவைப் படங்களை வெளியே கடத்திச் சென்று பியோட்ர்கூவ் நகர மடாலயத்தில் ஒளித்து வைத்தனர். கல் அழிந்தது, கணக்குத் தப்பியது.

1945 முதல் 1957 வரை நாட்டின் தலைமைச் சின்னக் காப்பாளராய் இருந்து, பழைய நகரை மீண்டும் எழுப்ப வழிநடத்தினார். இடிந்ததைத் திரும்பக் கட்டுவது போலி என்பது கலையறிஞர் கோட்பாடு. அதை அவர் அறியாதவரல்லர். ஆயினும் ஓர் இனத்தின் நினைவையே திட்டமிட்டு அழித்தவனுக்கு அக்கோட்பாட்டால் வெற்றி தேடிக்கொடுக்க அவர் ஒருப்படவில்லை. அடியேன் அவர் பக்கமே. 1980இல் யுனெஸ்கோவும் அந்நகரை உலக மரபுரிமையாக ஏற்றது.

போர்க்காலத்தில் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்க 1954இல் ஹேக் நகரில் பிறந்த உடன்படிக்கையின் நீலக் கேடயச் சின்னமும் அவர் வரைந்ததே. 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தது. அவ்வுடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததோ 2004இல்!